வடித்த ஆயிலை அளந்து பாருங்கள்

மோட்டார் சைக்கிளுக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றலாம் என்று சொன்னதும் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, அதில் எவ்வளவு மிச்சமாகும் என்றுதான். பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. தெருமுனை மெக்கானிக் ஆயில் மாற்ற வாங்கும் கூலி சொற்பம்; ஆயிலையும் அவரிடமே வாங்கினால் சிலர் கூலியே கேட்பதில்லை. கையோடு செயினையும் பிரேக்கையும் சரிபார்த்துக் கொடுத்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, கறைபடும் சட்டை, புதிதாக வாங்கும் ஸ்பேனர், புனல், கையுறை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் முதல் ஆண்டில் கையை விட்டுக் கூடுதலாகவே போகும். பணத்துக்காகத்தான் இந்த வேலை என்று நினைப்பவர்கள் தாராளமாக அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். வீட்டில் ஆயில் மாற்றுவதற்கு என் கணக்கில் உருப்படியான காரணம் ஒன்றுதான்: இன்ஜினிலிருந்து வடியும் பழைய ஆயில் எத்தனை மில்லி என்று அளந்து பார்க்க முடிகிறது.

ஒர்க்‌ஷாப்பில் அது நடக்காது. வண்டிக்கு அடியில் தள்ளும் தட்டில் ஏற்கெனவே நாலு வண்டியின் ஆயில் கிடக்கும். போல்ட்டைக் கழற்றியதும் உங்கள் ஆயிலும் அதோடு கலந்து, பிறகு மூலையிலுள்ள பேரலுக்குப் போய்விடும். புதிதாக ஊற்றுவது எவ்வளவு என்பது டப்பாவிலேயே அச்சாகியிருக்கும். வெளியே வந்தது முக்கால் லிட்டரா, அரை லிட்டரா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். இதில் மெக்கானிக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குப் பின்னால் பத்து வண்டி நிற்கிறது. அளந்து சொல்லச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை. ஆனால் அந்த அளவுதான், கடந்த சில ஆயிரம் கிலோமீட்டரில் இன்ஜின் எவ்வளவு ஆயிலைத் தின்றிருக்கிறது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் நேரடிச் சாட்சி.

அந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? நம் ஊரில் அதிகம் ஓடும் 100 முதல் 150 சிசி வண்டிகளின் இன்ஜினில் இருக்கும் ஆயில் மொத்தமே ஏறக்குறைய 1 லிட்டர்தான். சிறிய காரில்கூட 3 லிட்டர் இருக்கும். காரில் 300 மில்லி குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. பைக்கில் அதே 300 மில்லி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. காரில் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்து எச்சரிக்கும். நம் அன்றாட பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த விளக்கே கிடையாது. அந்த 1 லிட்டர் பார்க்கும் வேலையும் ஒன்றிரண்டு அல்ல. பிஸ்டனும் கிராங்கும் அதில்தான் ஓடுகின்றன, கியர் பற்கள் அதில்தான் அரைபடுகின்றன, கிளட்ச் தட்டுகள் அதில்தான் நனைந்து கிடக்கின்றன. ஏர் கூல்டு இன்ஜினில் சூட்டை வெளியே கொண்டுவரும் வேலையிலும் அதற்குப் பங்குண்டு. அளவு குறையக் குறைய மிச்சமிருக்கும் ஆயில் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது, இன்னும் சூடாகிறது, இன்னும் சீக்கிரம் கெடுகிறது. கடைசியில் ஏதோ ஒரு நெடும்பயணத்தில், இரண்டு பேரும் மூட்டையும் ஏறிய வண்டி மேட்டில் சீஸ் ஆகி நிற்கும்போது, “போன மாசம்தானே ஆயில் மாத்தினேன்” என்று உரிமையாளர் சொல்வார். மாற்றியது உண்மைதான், இடையில் எவ்வளவு குறைந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். ஆயில் அளவைப் பார்ப்பதற்கென்றே வண்டியில் அளவுகோலோ கண்ணாடியோ இருக்கிறதே, அதை வாரம் ஒருமுறை பார்த்தால் போதாதா? கட்டாயம் பார்க்க வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அதைச் சரியாகப் பார்ப்பவர்கள் குறைவு. பல்சர், ராயல் என்ஃபீல்டு 350 வகைகளில் இன்ஜின் பக்கவாட்டில் வட்டக் கண்ணாடி உண்டு. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் அதைப் பார்த்தால் வருவது பொய்க்கணக்கு. ஸ்பிளெண்டர் போன்றவற்றில் ஆயில் ஊற்றும் மூடியோடு அளவுகோல் சேர்ந்திருக்கும். துடைத்துவிட்டு, திருகாமல், மரையின் மேல் உட்காரவைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். முழுவதும் திருகிவிட்டு எடுத்தால் கோல் இன்னும் ஆழத்துக்குப் போய், குறைந்திருக்கும் ஆயிலை நிறைவாகக் காட்டும். சில நிறுவனங்கள் திருகித்தான் பார்க்கச் சொல்கின்றன, ஆகவே உங்கள் வண்டியோடு வந்த கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. எப்படியானாலும் இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, மீண்டும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இவ்வளவும் சரியாகச் செய்தாலும் கோல் சொல்வது, மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே இருக்கிறதா என்பதை மட்டுமே. எந்த வேகத்தில் குறைகிறது, போன தடவையைவிட இந்தத் தடவை கூடுதலாகக் குறைந்ததா என்பதெல்லாம் வடித்து அளந்தால்தான் தெரியும்.

வடியும் ஆயிலை அளப்பது துல்லியமான கணக்கா என்றும் கேட்கலாம். இல்லை. எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் கொஞ்சம் ஆயில் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய ஃபில்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் கையேட்டில் ஆயில் அளவு ஒரே எண்ணாக இருப்பதில்லை. வெறுமனே வடித்து மாற்றினால் இவ்வளவு, ஃபில்டரோடு மாற்றினால் இவ்வளவு, இன்ஜினைப் பிரித்துக் கட்டினால் இவ்வளவு என்று இரண்டோ மூன்றோ எண்கள் இருக்கும். பிரித்துக் கட்டும் அளவோடு ஒப்பிட்டு, ஆயில் குறைந்துவிட்டது என்று பதறுவது வீண். ஒப்பிட வேண்டியது, போன தடவை நீங்களே ஊற்றிய அளவோடு. 50 மில்லி முன்னே பின்னே இருப்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அடிக்கடி மிகக் குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டியில் எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து, குறைந்த அளவைக் கொஞ்சம் மறைத்துவிடுவதும் உண்டு. ஆனாலும் 900 மில்லி ஊற்றிய இடத்தில் 600 மில்லி வடிகிறது என்றால், அந்த இடைவெளியை ஒட்டலாலும் சிந்தலாலும் விளக்கிவிட முடியாது.

நிறத்தைப் பார்த்து ஆயிலை மதிப்பிடும் பழக்கம் அளவைவிடப் பரவலாக இருக்கிறது. மூடியைத் திறந்து விரலில் தொட்டு, “கறுத்துப்போச்சு, மாத்திடுங்க” என்று சொல்வது பட்டறைகளில் அன்றாடக் காட்சி. ஆயிலில் கலந்திருக்கும் சுத்திகரிப்பு ரசாயனங்களின் வேலையே கரியைக் கழுவி எடுத்து, எங்கும் படியவிடாமல் தனக்குள் மிதக்கவைப்பதுதான். கறுப்பது அந்த வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். உண்மையில் பைக்கின் ஆயில் தோற்றுப்போவது வேறு இடத்தில். சூட்டிலும் இளகிவிடாமல் இருக்க அதில் நீளமான பாலிமர் மூலக்கூறுகளைச் சேர்த்திருப்பார்கள். கியர் பற்களுக்கு இடையே சிக்கி அவை துண்டு துண்டாக அறுபடும்போது ஆயில் மெலிகிறது. 100 டிகிரி சூட்டில் 40 என்ற எண்ணுள்ள ஆயிலின் பிசுக்கு 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்க வேண்டும் என்பது எஸ்ஏஇ வரையறை. அறுபட்ட ஆயில் அதற்குக் கீழே இறங்கி 30-இன் இடத்துக்கு வந்துவிடும். இதை விரலில் தொட்டு உணர முடியாது. காலில் உணரலாம்: கியர் விழும்போது டக்கென்று சத்தம் கூடும், நியூட்ரல் சிக்காமல் அடம்பிடிக்கும். காரைவிட பைக்குக்குச் சீக்கிரம் ஆயில் மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதைக் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சமே ஓடும் வண்டியாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிட வேண்டும்.

எந்த ஆயில் என்ற கேள்விக்குப் பிராண்ட் பெயரில் விடை தேடுவது தேவையில்லாத வேலை. டப்பாவின் பின்பக்கத்தில் இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும். ஒன்று 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று வரும் கிரேடு. இது கையேட்டில் உள்ளதுபோல இருக்க வேண்டும். வெயில் அதிகம், கெட்டியாக இருக்கட்டும் என்று நாமாக ஏற்றிக்கொள்ள வேண்டாம். 30 கேட்கும் இன்ஜினின் ஆயில் வழிகளும் பம்பும் 30-க்காக அமைந்தவை. இன்னொன்று ஜேஏஎஸ்ஓ எம்ஏ, எம்ஏ2, எம்பி என்ற எழுத்துகள். 1990-களில் கார் ஆயில்களில் எரிபொருள் சிக்கனத்துக்காக வழுக்கலைக் கூட்டும் பொருள்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஆயிலில் நனைந்தபடியே பிடிக்க வேண்டிய பைக்கின் கிளட்ச் அதனால் வழுக்கியது. ஜப்பானியர்கள் 1998-இல் பைக்குகளுக்கென்றே தனித் தரம் ஒன்றைக் கொண்டுவந்தது அதன் பிறகுதான். எம்ஏ, எம்ஏ2 இரண்டும் நனைந்த கிளட்சுக்கு. எம்பி என்பது கிளட்ச் ஆயிலில் நனையாத கியர்லெஸ் ஸ்கூட்டர்களுக்கு. வீட்டில் ஆக்டிவாவும் ஸ்பிளெண்டரும் சேர்ந்து நிற்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். இரண்டுக்குமே 10டபிள்யூ-30தான், டப்பாவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஸ்கூட்டருக்கு வாங்கியதை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு. கார் ஆயிலை ஊற்றி வருடக்கணக்கில் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான கார் ஆயில்களில் அந்த வழுக்கல் பொருள்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர்கள் தப்பித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதே விலைக்கு எம்ஏ2 ஆயில் எந்தக் கடையிலும் கிடைக்கும்போது, கிளட்சுக்காகச் சோதிக்கப்படாத ஒன்றை ஏன் ஊற்ற வேண்டும் என்பதுதான் என் கேள்வி. சிந்தெட்டிக்கா, மினரலா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. கையேடு கேட்பதை ஊற்றுங்கள்.

இனி வேலை. வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மூன்று நான்கு நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். வெதுவெதுப்பான ஆயில் இளகி ஓடும்; அடியில் படிந்ததும் கலங்கி, கூடவே வெளியேறும். நெடுந்தூரம் ஓட்டிவந்த கையோடு இறங்கினால் கை வெந்துபோகும், சைலன்சர் வேறு பக்கத்திலேயே இருக்கிறது. கைக்கு நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழகிய மெக்கானிக்குகள் வெறுங்கையோடுதானே செய்கிறார்கள் என்பது சமாதானமாகாது. எரிந்த ஆயிலில் சேரும் சில பொருள்கள் தோலுக்குக் கேடு, நெடுநாள் படிந்தால் புற்றுநோய்வரை கொண்டுபோகக்கூடியவை. ஆயில் பிடிக்க அகலமான, சுத்தமான, காய்ந்த தட்டு வேண்டும். அதில் ஏற்கெனவே ஒரு சொட்டு இருந்தாலும் நம் கணக்கு கெட்டுவிடும். கூடவே மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை, புனல், கொஞ்சம் பனியன் வேஸ்ட், புது டிரெயின் வாஷர், வண்டிக்கு ஏற்ற ஃபில்டர் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். குவளையைச் சமையலறையிலிருந்து எடுத்துவந்தால் அது திரும்ப அங்கே போகக் கூடாது.

டிரெயின் போல்ட் இன்ஜினின் அடிவயிற்றில், தலைகீழாக இருக்கும். அதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். போல்ட்டின் தலையை நேராகப் பார்த்து இடப்பக்கம் திருப்பினால் கழலும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மேலிருந்து பார்க்கும்போது தலை நமக்கு எதிர்ப்புறம் இருப்பதால் திசை மாறிவிடும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போய் மரையை உரித்துவிட்டவர்கள் ஏராளம். தரையோடு தலையைச் சாய்த்து, கீழிருந்து போல்ட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு திருப்புங்கள். ஓபன் எண்ட் ஸ்பேனர் வேண்டாம், அது முனைகளை மழுக்கிவிடும்; ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ போடுங்கள். முதல் அசைவு வந்ததும் தட்டைச் சரியாக வைத்துவிட்டு, மிச்சத்தை விரலால் மேல்நோக்கி அழுத்தியபடியே சுற்றி, கடைசி மரையில் சட்டென்று விலக்க வேண்டும். முதலில் ஆயில் போல்ட்டுக்கு நேர்கீழே விழாமல் ஒரு சாணுக்கு அப்பால் பீய்ச்சும், பிறகு வேகம் குறைந்து கிட்டே வரும். தட்டு அகலமாக இருக்கச் சொன்னது இதற்காகத்தான். மேலே ஊற்றும் மூடியையும் திறந்துவிட்டால் காற்று போய் சீராக வடியும். சில வண்டிகளில் டிரெயின் போல்ட் ஒன்றுக்கு மேல் இருக்கும், சிலவற்றில் அதன் பின்னாலேயே வலைச் சல்லடை இருக்கும்; கையேட்டில் படம் பார்த்துக்கொள்ளுங்கள். 10 நிமிடம் வடியட்டும். கடைசியில் வண்டியை நிமிர்த்தி, இருபக்கமும் லேசாகச் சாய்த்துப் பிடித்தால் மிச்சமும் வரும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செய்தால்தான் அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

வடிந்ததைக் குவளையில் ஊற்றி அளந்து, எண்ணை உடனே எழுதிவிடுங்கள். பிறகு தட்டின் அடியில் மிஞ்சியிருப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். போல்ட்டில் காந்தம் இருந்தால் அதன் நுனியில் சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை ஒட்டியிருக்கும், அது வழக்கமான தேய்மானம். புது வண்டியின் முதல் ஆயிலில் வெயில் பட்டு மினுங்கும் துகள்கள் தெரிவதும் இயல்பே; புதிய உலோகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிர்பவை அவை. பழகிய வண்டியில் நகத்தால் எடுக்கக்கூடிய அளவுக்குச் சில்லு கிடைத்தால் கியரையோ பேரிங்கையோ சந்தேகிக்க வேண்டும். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துணுக்கு கிடைத்தால் டைமிங் செயின் வழிகாட்டிப் பட்டை தேய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த காபி நிறம் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைவெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் அதை அப்படியே ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஃபில்டர் விஷயத்தில் எல்லா வண்டியும் ஒன்றல்ல. ஸ்பிளெண்டர் வகை 100 சிசி இன்ஜின்களில் கழற்றி எறியும் காகித ஃபில்டரே இல்லை. ஒரு வலைச் சல்லடையும், கிராங்கோடு சேர்ந்து சுழன்று அழுக்கை ஓரத்துக்கு வீசிப் படியவைக்கும் கிண்ணமும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அந்தக் கிண்ணத்தைச் சுத்தம் செய்ய கிளட்ச் பக்கத்துக் கவரைத் திறந்து கேஸ்கெட்டை மாற்ற வேண்டும்; அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. பல்சர், ராயல் என்ஃபீல்டு போன்றவற்றில் காகித ஃபில்டர் உண்டு. சிறிய மூடி, அதன் பின்னால் ஸ்பிரிங், பிறகு ஃபில்டர். அவை வெளியே வரும் வரிசையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரின் இருமுகமும் ஒன்றுபோல இல்லாவிட்டால், எந்த முகம் வெளியே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளாமல் எடுக்கவே எடுக்காதீர்கள். திருப்பிப் போட்டால் ஆயிலின் வழி அடைபடலாம் அல்லது சலிக்காமலே சுற்றலாம், வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. பழைய ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு, புதியதில் சொட்டு ஆயில் தடவி உட்காரவையுங்கள். ஒவ்வொரு தடவையும் ஃபில்டரை மாற்றவேண்டுமா? சில நிறுவனங்கள் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு மாற்றினால் போதும் என்கின்றன. ஆயிலின் விலையோடு பார்த்தால் ஃபில்டரின் விலை அற்பம். மாற்றிவிடுவதே என் பழக்கம்.

வீட்டு வேலைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது மரை போய்விடும் என்பது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. போல்ட் இரும்பு, அது ஏறும் கிராங்க் கேஸ் அலுமினியம். சண்டை வந்தால் தோற்பது எப்போதும் அலுமினியம்தான். மரை போனால் லேத் பட்டறையில் பெரிய மரை ஓட்டி ஓவர்சைஸ் போல்ட் போட வேண்டும், அல்லது உள்ளே கம்பிச்சுருள் வைக்க வேண்டும். ஆனால் இது நடப்பது பெரும்பாலும் பலம் கூடுவதால். ஆயில் கசிந்துவிடுமோ என்று பயந்து, ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி இறுக்குகிறார்கள். கசிவைத் தடுப்பது வாஷர்தான். செம்பு அல்லது அலுமினிய வாஷர் நசுங்கிப் பொருந்துவதால்தான் அது அடைபடுகிறது. ஏற்கெனவே நசுங்கிய பழைய வாஷரைப் போட்டுக் கசிவதும், அதை நிறுத்த இன்னும் இறுக்குவதும்தான் மரை போகும் கதை. சில ரூபாய்க்குப் புது வாஷர் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. போல்ட்டை முதலில் ஸ்பேனர் இல்லாமல் விரலால் மட்டுமே ஏற்றுங்கள். நாலைந்து சுற்று தடையில்லாமல் போனால் மரை நேராகப் பிடித்திருக்கிறது. இந்த வண்டிகளின் டிரெயின் போல்ட்டுக்குக் கையேடுகள் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை சொல்கின்றன. 25 என்பது, கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 10 கிலோவைத் தொங்கவிட்டால் வரும் அழுத்தம், அவ்வளவுதான். டார்க் ரெஞ்ச் வாங்கினால் நல்லது. இல்லாவிட்டால் குட்டையான ரிங் ஸ்பேனரை உள்ளங்கையால் மட்டும் தள்ளுங்கள்; வாஷர் நசுங்குவது கையில் தெரிந்ததும் விட்டுவிடுங்கள். ஃபில்டர் மூடியின் சின்ன போல்ட்டுகளுக்கு இதில் பாதிப் பலம்கூட ஆகாது.

ஊற்றும்போது டப்பாவை முழுதாகக் கவிழ்ப்பதுதான் அடுத்த தவறு. கடைகளில் 800 மில்லி, 900 மில்லி, 1 லிட்டர் என்று பல அளவில் வருகிறது. உங்கள் இன்ஜின் கேட்பது அவற்றில் எதுவாகவும் இல்லாமல் போகலாம். கூடுதலாக ஊற்றிய ஆயிலைக் கிராங்க் கடைந்து நுரைக்கவைக்கும். நுரைத்த ஆயிலால் பம்பு பலனற்றுப்போகும், மிச்சம் பிரீதர் குழாய் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய்ச் சேரும். கையேட்டு அளவில் 50 மில்லி குறைத்து ஊற்றி, மூடி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பொறுத்து, கோலிலோ கண்ணாடியிலோ பார்த்து, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். கடைசியில் மொத்தம் எவ்வளவு உள்ளே போனது என்பதை எழுதுங்கள். அடுத்த தடவை ஒப்பிடப்போவது இந்த எண்ணோடுதான். டீசல் விட்டுக் கழுவுவதைப் பலர் இன்னும் சிபாரிசு செய்கிறார்கள். டீசல் கழுவும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதுவும் முழுக்க வடியாது; உள்ளே தங்கியது புது ஆயிலைத்தான் நீர்க்கவைக்கும். நேரத்துக்கு ஆயில் மாற்றும் வண்டிக்கு இந்தக் கழுவல் தேவையே இல்லை.

பழைய மாடல் புல்லட், நாலு கியர் வார்ப்பிரும்பு இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இந்த அத்தியாயம் அப்படியே பொருந்தாது. அதில் இன்ஜின், கியர் பாக்ஸ், கிளட்ச் பக்கம் மூன்றுக்கும் தனித்தனி ஆயில். வாரண்டி முடியாத வண்டிக்காரர்களும் பொறுத்திருங்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் குறித்த நேரத்தில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது வாரண்டி நிபந்தனைகளில் வழக்கமாக இருக்கும். நாளைக்கு இன்ஜினில் கோளாறு வந்தால் நம் நோட்டுப் புத்தகக் கணக்கு அங்கே செல்லாது. அதுவரை சர்வீஸ் சென்டரில் பக்கத்தில் நின்று, காலித் தட்டில் வடிக்கச் சொல்லி எட்டிப் பார்க்கலாம். கேட்டால் சிலர் செய்வார்கள்.

பழைய ஆயிலை என்ன செய்வது என்று தெரியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. வீட்டு வேலைக்கு எதிரான வாதங்களில் எனக்கு முழுச் சம்மதம் இருப்பது இதில்தான்: சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டப்போகிறவர் வீட்டில் மாற்றவே வேண்டாம். ஒருமுறை ஆயில் மாற்றும்போது வரும் கழிவு பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுத்துவிடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. நம் நாட்டில் 2016-இன் அபாயகரமான கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடக்கம். அதைத் திரும்பப் பெற்று மறுசுத்திகரிப்பு செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்களுக்கும் விதித்த திருத்தம் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நமக்கு எளிய வழி, காலி டப்பாவிலேயே ஊற்றி மூடி, பேரல் வைத்திருக்கும் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது. பேரல் கணக்கில் விற்பதால் அவர் மறுக்கமாட்டார். சென்ட்ரிங் பலகைக்குப் பூச, கரையானுக்கு அடிக்க என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். அது மழையில் கரைந்து மண்ணுக்குத்தான் போகும். காலியான மற்ற டப்பாக்களில் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள், போலி ஆயில் நிரப்புபவர்கள் தேடுவது ஓட்டையில்லாத டப்பாக்களைத்தான்.

சர்வீஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரே வரி போதும்: தேதி, கிலோமீட்டர், ஊற்றியது, இடையில் சேர்த்தது, வடிந்தது. ஊற்றியதையும் சேர்த்ததையும் கூட்டி வடிந்ததைக் கழித்தால் இன்ஜின் தின்றது வரும். அது ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே எண்ணாக, நூறு மில்லிக்குள் இருந்தால் கவலையில்லை. 1 லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் 300 மில்லி காணாமல் போனால், அல்லது போன தடவையைப் போல இருமடங்கு ஆனால், முதலில் வெளிக்கசிவைத் தேடுங்கள்: ஹெட் கேஸ்கெட் ஓரம், கியர் ஷாஃப்ட் சீல், டிரெயின் போல்ட். வெளியே காய்ந்திருந்தால் ஆயில் உள்ளே எரிகிறது என்று பொருள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல் மீதும், ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் மீதும் சந்தேகம் வையுங்கள். அந்தக் கட்டத்தில் வேலை மெக்கானிக்குடையது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். வண்டி கொஞ்சம் ஆயில் குடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்பவரிடம் அவர் ஓட்டிப் பார்ப்போம் என்பார். மூன்றாயிரம் கிலோமீட்டரில் 350 மில்லி என்று சொல்பவரிடம் இன்ஜினைத் திறக்கலாமா வேண்டாமா என்று பேசத் தொடங்குவார்.